நான்கு பக்கமும் அடைத்த பலகை

மலைமேல் ஒரு மடம் இருந்தது. அதற்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை ஒரு கருங்கல் சுவரின் அடியில் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் நடந்தால் மடம், அதைத் தாண்டித் தேயிலைத் தோட்டம். வலப்பக்கம் நடந்தால் நூறு அடி தூரத்தில், கல் வெட்டி எடுத்துவிட்டு யாரும் மூடாமல் போன பள்ளம்.

பள்ளத்துக்கு வேலி போட்டுப் பார்த்தார்கள். காட்டெருமைகள் அதை ஒரு வாரம்கூட மதிக்கவில்லை. ஆகவே சுவரில் ஓர் இரும்புப் பலகையைப் பொருத்தினார்கள்: "வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் செல்க." மூடுபனிக் காலத்தில் தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் அந்தப் பலகையை நம்பித்தான் நடந்தார்கள். ஒவ்வொரு மார்கழியிலும் அவர்களில் பாதிப் பேர் மலைக்குப் புதியவர்கள்.

மடத்தின் தலைவியைச் சின்னம்மா என்பார்கள். வயது முப்பத்தெட்டு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவருடைய சீடர் தில்லைநாயகத்துக்கு வயது அறுபத்து மூன்று. நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பொறியாளராக இருந்தவர். இந்த ஏற்பாட்டைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. சிரிப்பதற்கு அவ்வளவு தூரம் மலையேற வேண்டியிருந்ததால், நாளடைவில் குறைந்துபோனார்கள்.

சென்ற ஆண்டு பலகைக்குப் பொறுப்பேற்றவர் தில்லைநாயகம். பனிக்காலத்துக்கு முன்பே அதன் விளிம்புகளைப் பசையால் அடைத்து வைத்தார். மார்கழி பதினெட்டாம் நாள் விடியலில் பலகை சுவரை விட்டுப் பெயர்ந்து புல்லில் குப்புறக் கிடந்தது. தோட்டத்துக்கு வந்து மூன்றே நாளான பூவாத்தாள் என்ற பெண் வலப்பக்கம் நடந்தார்.

உயிர் பிழைத்தார். வலது கால் இருக்கிறது, மடங்குவதில்லை. இப்போது அவருக்குக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் வேலை. நாள்தோறும் விடியலில் ஒரு மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு மடத்தைக் கடந்து போவார். டக், டக், டக்.

தில்லைநாயகத்தின் அறை பாதையோரம் இருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து ஜன்னல் இடுக்குகளில் திணித்து வைத்திருந்தார். குளிருக்காக என்று சொன்னார். அவரை யாரும் காரணம் கேட்கவில்லை.

கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில் அவர் குருவிடம் கேட்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"எதுவும் உள்ளே வராம மனசை வெச்சுக்க என்ன வழி?"

சின்னம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்தை ஒருமுறை தட்டினார்.

"சுவர்ல இருக்கிற போர்டு எப்படி இருக்கு?"

"எந்தப் போர்டு?"

"மலைக்கு எத்தனை போர்டு சார் இருக்கு? பனி வரப்போகுது. அதைக் கவனிங்க. அப்புறம் இதைப் பேசலாம்."

"அம்மா, போன வருஷம் என் கையால செஞ்சுதான்…"

"அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். வேற யார்கிட்டயாவது கொடுத்தா, அவங்களும் ஒரு தடவை விழ வெச்சுத்தான் கத்துக்கணும்."

தில்லைநாயகத்துக்கு இது மன்னிப்பா தண்டனையா என்று விளங்கவில்லை. இரண்டில் எது என்று தெரியாதபோது படித்தவர்கள் மூன்றாவது ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். இது ஒரு தேர்வு என்று அவர் முடிவு செய்தார்.

தேர்வுக்குப் படிப்பது அவருக்குக் கைவந்த வேலை. சென்ற ஆண்டின் பிழையைத் தாளில் எழுதிக் கண்டறிந்தார். பசை மட்டமானது, ஒரே பூச்சு, கல்லும் சரியாகத் துடைக்கப்படவில்லை. எங்கோ ஒரு மயிரிழை வழியே தண்ணீர் நுழைந்திருக்கிறது. நுழைந்த தண்ணீர் உறைந்திருக்கிறது. உறைந்தது பருத்துப் பலகையைத் தள்ளியிருக்கிறது. ஆக, மயிரிழைகூட இருக்கக் கூடாது.

கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். துருப்பிடிக்காத நான்கு போல்ட்டுகளை இறக்கினார். பலகையைச் சுவரோடு ஒட்டி முடுக்கினார். விளிம்பு முழுவதும் சிமெண்ட் கலவை வைத்து, அதன்மேல் சிலிக்கான் பசையை இரண்டு பூச்சாக இழுத்தார். சுற்றியிருந்த கல் இணைப்புகளையும் விட்டுவைக்கவில்லை.

சின்னம்மா வந்து பார்த்தார். பலகையின் நான்கு விளிம்பிலும் விரலை ஓட்டினார்.

"கீழேயும் அடைச்சிருக்கீங்க."

"நாலு பக்கமும் அம்மா. ஒரு எறும்பு உள்ளே போக முடியாது."

"உள்ளே இருக்கிற எறும்பு?"

"என்ன அம்மா?"

"ஒண்ணுமில்லை. வேலை சுத்தமா இருக்கு."

கடைசி வாக்கியத்தை மட்டும் தில்லைநாயகம் எடுத்துக்கொண்டார். எறும்பைப் பற்றி இரவு உணவின்போது ஒருமுறை யோசித்தார். ரசத்தோடு அதுவும் இறங்கிவிட்டது.

ஆனாலும் நிம்மதி வரவில்லை. சென்ற ஆண்டும் அவர் தம் வேலையை நம்பத்தானே செய்தார்? மழை சாய்வாக அடித்த ஒரு மதியம், தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுபோய்ப் பலகையின் மேல் இறுகக் கட்டிவிட்டு வந்தார். இனி பனியும் தொடாது, மழையும் தொடாது.

மாலை மூடுபனி இறங்கியதும் சின்னம்மா அவரை அழைத்தார்.

"சார், கொஞ்சம் வாங்க. ஒரு நடை போயிட்டு வரலாம்."

இருவரும் சுவர்வரை நடந்தார்கள். கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. சின்னம்மா நின்றார்.

"நான் இந்த மலைக்குப் புதுசு. எந்தப் பக்கம் போகணும்?"

"இடப்பக்கம் அம்மா."

"உங்களுக்குத் தெரியுது. எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் போர்டுல…"

சொல்லிக்கொண்டே தில்லைநாயகம் கையை நீட்டினார். கை தார்ப்பாயில் பட்டது.

"நனையாமத்தான் இருக்கு," என்றார் சின்னம்மா. "அதுல குறை சொல்ல முடியாது."

தில்லைநாயகம் முடிச்சுகளை அவிழ்த்தார். பனியில் விறைத்த கயிறு எளிதில் அவிழவில்லை. திரும்பி வரும்போது அவருடைய குழப்பம் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. காப்பாற்று என்கிறார், மூடினால் கேலி செய்கிறார். மூடாமல் ஒன்றை எப்படிக் காப்பாற்றுவது? கேட்கவும் தயங்கினார். கேட்டால் பதில் வராது, இன்னொரு வேலைதான் வரும் என்பதை இதற்குள் கற்றிருந்தார்.

அந்த ஆண்டின் முதல் உறைபனி மார்கழி ஏழாம் நாள் விழுந்தது. புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்திருந்தது. ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தார் தில்லைநாயகம்.

பலகை இருந்தது. ஆனால் அதன் நடுப்பகுதி வயிறு ஊதியதுபோல் புடைத்திருந்தது. கீழே வலப்பக்க போல்ட், அது பிடித்திருந்த கல்லின் ஒரு சில்லோடு வெளியே வந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் இப்படிப் பனி பெய்தால் பலகை மறுபடியும் புல்லில்தான்.

சின்னம்மா அங்கேயே நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"கழட்டுங்க சார்."

"கழட்டினா ஆளுங்க வழி தெரியாம…"

"நாளைக்கு விடியறதுக்குள்ள இங்கே வந்து நில்லுங்க. போர்டு திரும்பி மேலே ஏறுற வரைக்கும் நீங்கதான் போர்டு."

"நானா?"

"எழுத்து ஞாபகம் இருக்கில்ல? ரெண்டே வரிதான்." போகும்போது திரும்பிப் பார்த்தார். "தண்ணி எந்த வழியா உள்ளே வந்துதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

பலகையைக் கழற்றியபோது அதன் பின்னாலிருந்து ஒரு பனிக்கட்டித் தகடு பலகை அளவிலேயே விழுந்து உடைந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில் கருங்கல்லின் தோல் உரிந்திருந்தது.

அன்று பகல் முழுவதும் அவர் தம் பூச்சின் எச்சங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஆராய்ந்தார். மேல் விளிம்பில் விரிசல் இல்லை. பக்கங்களில் இல்லை. கீழே ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது. அதுவும் உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டுப் பெயர்ந்திருந்தது. தண்ணீர் நுழைய வழியே இல்லை. ஆனால் தண்ணீர் இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுக் கல்வியும் அனுபவமும் அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டின.

மறுநாள் விடியலில் அவர் சுவரின் அடியில் போய் நின்றார்.

முதலில் ஆறேழு பெண்கள் கூட்டமாக வந்தார்கள். காலடி ஓசை கேட்டதும் அவர் குரல் கொடுத்தார்.

"வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் செல்க."

காலடிகள் நின்றன. பிறகு ஒரு பெண் சொன்னாள், "அடியே, போர்டுக்கு வாய் வந்திருச்சுடி!" சிரிப்பு இடப்பக்கமாகப் போய் மறைந்தது. இன்னொரு கூட்டம் வந்தது. அதுவும் சிரித்துவிட்டுப் போனது. மோசமில்லை என்று நினைத்தார்.

பிறகு டக், டக், டக்.

மாதக்கணக்கில் கந்தைத் துணி வைத்து அடைத்த ஓசை, இப்போது அடைப்பு ஏதுமின்றி நேரே அவரை நோக்கி ஏறி வந்தது. வாயைத் திறந்தார். இரண்டு வரிகளில் ஒன்றுகூட வரவில்லை.

"யாரது?"

"நான்தான்."

"நான்தான்னா யாருங்க? காட்டெருமைகூட இப்படித்தான் பேசாம நிக்கும்."

"தில்லைநாயகம். மடத்துல…"

"ஓ, போர்டுசாமியா!"

தமக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரியும்.

"போர்டு எங்கங்க சாமி?"

"கழட்டியிருக்கு. அதுக்குப் பதிலா நான் நிக்கிறேன்."

"சரி. போர்டுன்னா சொல்லணுமில்லைங்களா? எந்தப் பக்கம் போகட்டும்?"

"உங்களுக்குத்தான் தெரியுமே அம்மா."

"எனக்கு நல்லாத் தெரியும். என்னைவிட நல்லாத் தெரிஞ்சவ இந்த மலையில யாருமில்லை. நீங்க சொல்லுங்க."

"வலப்பக்கம்…" என்றார். மறுபடி தொடங்கினார். "வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் போங்க."

பூவாத்தாள் போகவில்லை. மூடுபனிக்குள் கழியின் மேல் சாய்ந்து நிற்பது நிழலாகத் தெரிந்தது.

"இதைப் போன வருசம் வந்து சொல்லியிருந்தா, இன்னைக்கு நான் சம்மணம் போட்டுச் சோறு தின்பேன்."

"ஆமா."

"ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேனுங்க. சின்னம்மா வந்துச்சு. கங்காணி வந்தாரு. எங்க ஊர்ல என்னோட பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார்கூட வந்தா. நீங்க வரலை."

"வரலை."

"ஏனுங்க?"

அவரிடம் காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நன்றாக அடுக்கப்பட்டு, எண் இடப்பட்டு, கோப்பில் வைக்கத் தகுந்ததாக இருந்தது. மடத்து விரதம், முதுகுவலி, நோயாளிக்குத் தொந்தரவு ஆகக் கூடாது என்ற எண்ணம். இவற்றில் எதையும் ஒரு பலகை சொல்ல முடியாது.

"பயம்," என்றார்.

"எனக்கும் பயந்தானுங்க. ஆனா நான் தினமும் இந்த வழியாத்தான் போறேன்."

தில்லைநாயகத்தின் கண்கள் நிறைந்து வழிந்தன. துடைக்கவில்லை. இந்த மூடுபனியில் யாருக்குத் தெரியப்போகிறது?

"மூக்கை உறிஞ்சறீங்க," என்றார் பூவாத்தாள். "தலைக்குத் துண்டு கட்டாம வந்து நின்னா சளிதான் பிடிக்கும். சின்னம்மாகூட துண்டு கட்டிக்கிட்டுத்தான் நிக்கும்."

"சின்னம்மா நின்னாங்களா? எப்போ?"

"கார்த்திகை பாதியிலேர்ந்து, தினமும். நீங்க பூசி முடிச்ச மறுநாளே வந்திருச்சு."

"போர்டு இருக்கும்போதே எதுக்கு?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'சார் ரொம்ப நல்லா அடைச்சிருக்காரு, எனக்குப் பயமா இருக்கு'ன்னு சொல்லுச்சு." கழி நகர்ந்தது. "நாளைக்கும் நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"துண்டு கட்டிக்கிட்டு நில்லுங்க."

டக், டக், டக். ஓசை இடப்பக்கமாகப் போனது. அது மறைந்த பிறகும் அவருடைய காதில் மறையவில்லை.

வெயில் ஏறியது. புல்லின் வெண்மை கரைந்தது. தில்லைநாயகம் கால் மரத்துப்போய் அங்கேயே உட்கார்ந்தார். எதிரே, பலகை இருந்த இடத்துக் கல்லை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். ஆராயும் தெம்பு இல்லை. சிறிது நேரம் கழித்து, இரண்டு கற்களுக்கு இடையே அவர் பூசியிருந்த சிமெண்ட் பெயர்ந்த ஓரிடத்தில் ஒரு துளி திரண்டது. திரண்டு, தயங்கி, கீழே வழிந்தது. அதே இடத்தில் இன்னொரு துளி.

மழை இல்லை. வானம் துடைத்தாற்போல் இருந்தது.

உச்சிப் பொழுதில் சின்னம்மா வந்தார். ஒரு செம்பில் சுக்குக் காப்பி கொண்டுவந்திருந்தார்.

"வழியைக் கண்டுபிடிச்சீங்களா?"

"அம்மா, வெளியிலேர்ந்து தண்ணி வரவே இல்லை."

"பின்னே?"

"சுவர்லேர்ந்து வருது. சுவருக்குப் பின்னாடி மலை. ஐப்பசி மழை பூராவையும் அது குடிச்சு வெச்சிருக்கு. கல்லுக்குக் கல்லு கசிஞ்சு வருது."

"அப்படின்னா நீங்க ரெண்டு பூச்சுப் பூசி எதை நிறுத்தினீங்க?"

தில்லைநாயகம் செம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். குடிக்கவில்லை.

"சார், ரோட்டோரமா மலைச்சரிவுக்குத் தடுப்புச் சுவர் கட்டுவீங்களே, அதுல வரிசையா ஓட்டை விட்டிருக்கும். பஸ்ல வரும்போது பார்த்திருக்கேன். யாரோ கட்டி முடிக்காம விட்டுட்டாங்கன்னு நினைப்பேன்."

"இல்லை அம்மா. வேணும்னே விடுறது. வடிதுளைன்னு பேரு."

"நீங்க எத்தனை விட்டிருப்பீங்க?"

"ஆயிரக்கணக்குல இருக்கும்."

"எதுக்கு?"

"பின்னாடி இருக்கிற தண்ணி வடியலைன்னா, எப்பேர்ப்பட்ட சுவரும்…"

அவர் நிறுத்திக்கொண்டார். துளை விட மறந்த ஓர் ஒப்பந்ததாரரின் சுவரை, அருகில் நின்று, அந்த ஆளின் கண்ணெதிரே இடிக்க வைத்தவர் அவர். அன்று அந்த மனிதரிடம் என்ன வார்த்தை சொன்னார் என்பதும் நினைவுக்கு வந்தது. அதை இங்கே எழுதுவதற்கில்லை.

"காப்பி ஆறுது," என்றார் சின்னம்மா.

பலகை மேலே ஏற மூன்று நாளாயிற்று. பெயர்ந்த கல்லில் போல்ட் நிற்காது. வேறு கல் பார்த்துத் துளையிட வேண்டியிருந்தது. கல் இணைப்புகளில் பூசியதையெல்லாம் உளியால் செதுக்கி எடுத்தார். ஒவ்வொரு போல்ட்டிலும் தடித்த வாஷர்களை அடுக்கி, பலகை சுவரைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளி நிற்கும்படி செய்தார். மேலே மட்டும் மழைக்கு ஒரு தகரப் பட்டையைப் புருவம்போல் சாய்த்து வைத்தார். பக்கங்கள் திறந்திருந்தன. கீழே முழுக்கத் திறந்திருந்தது. அந்த மூன்று விடியலிலும் அவரே பலகையாக நின்றார். பெண்கள் அவருக்கு வணக்கம் வைத்துப் பழகிவிட்டார்கள்.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. காற்று பலகையின் பின்புறம் புகுந்து சீழ்க்கை அடித்தது. பாதுகாக்கப்பட்ட பொருளாகவே அது தோன்றவில்லை. யாரோ அவசரத்தில் மாட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. துறையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

ஆகவே பலகை ஏறிய பிறகும் விடியலில் வந்து நிற்பதை அவர் விடவில்லை. பலகை விழுந்தால் தாம் இருக்க வேண்டும் என்று மடத்தில் சொன்னார். யாரும் காரணம் கேட்கவில்லை.

மார்கழியில் மேலும் நான்கு உறைபனிகள் விழுந்தன. தையில் இரண்டு. அவற்றில் ஒன்று, கிணற்று வாளியின் தண்ணீரைக் கல்லாக்கிவிட்டுப் போனது.

அதற்கு மறுநாள் விடியலில் சின்னம்மா சுவரடிக்கு வந்தார். தில்லைநாயகம் எழுந்து நின்றார்.

"அம்மா, கார்த்திகையில ஒண்ணு கேட்டேன்."

"கேட்டீங்க. எதுவும் உள்ளே வராம இருக்க வழி."

"ஜன்னல்ல வெச்சிருந்த துணியையெல்லாம் எடுத்துட்டேன்."

"அடுப்படியில கொடுத்திருக்கலாமே. கைப்பிடித் துணி கிழிஞ்சு கிடக்கு."

"ஆனா அந்தக் கழிச் சத்தம் இன்னும் கேக்குது அம்மா. அவங்க முன்னாடி வந்து நிக்கும்போது கேக்கறதில்லை. போன பிறகு கேக்குது. ராத்திரியும் கேக்குது. இத்தனை நாள் இங்கே நின்னும் அது நிக்கலை. நான் எங்கே தப்பு பண்றேன்னு எனக்குப் புரியலை."

சின்னம்மா பலகையைக் காட்டினார்.

"பின்னாடி விரலை விட்டுப் பாருங்க. காஞ்சிருக்கா?"

தில்லைநாயகம் கீழ் விளிம்பின் திறப்புக்குள் விரல்களை விட்டுக் கல்லைத் தொட்டார்.

"இல்லை அம்மா. ஈரம்."

"நேத்து?"

"நேத்தும் ஈரம்தான். ஒரு நாள்கூடக் காயலை."

விரலிலிருந்து ஒரு துளி அவருடைய மணிக்கட்டுக்கு வழிந்து, சட்டைக் கைக்குள் போனது.

"போர்டு நிக்குதில்ல?" என்றார் சின்னம்மா.

கீழே, பாதையின் திருப்பத்தில் கழிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. தில்லைநாயகம் அந்தப் பக்கம் திரும்பினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.